ஒரே கார், இரண்டு நாடுகள்: எக்ஸெல் மூலம் விற்பனையை ஒப்பிடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் புரோகிராமை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, கட்டம் கட்டமாக இருக்கிறதே என்று மூடிவிடுகிறார்கள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு போட மட்டும்தான் அது என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில், இரண்டு எண்களை அருகருகே வைத்து "எது பெரியது, ஏன் பெரியது?" என்று கேட்கத்தான் எக்ஸெல் அதிகம் உதவும். இந்த முறை ஒரு சொகுசுக் காரை எடுத்துக்கொண்டு அதைச் செய்து பார்ப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதையே செய்யலாம்.

கார், தென் கொரியாவின் கியா நிறுவனத்தின் பெரிய செடான். சொந்த நாட்டில் 2012 மே மாதம் "கே 9" என்ற பெயரில் வந்தது. ரஷ்யாவில் அதே கார் "குவோரிஸ்". அமெரிக்காவில் 2014-இல் விற்பனைக்கு வந்தபோது "கே 900" ஆனது. கே 9 என்பதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் நாய் இனத்தைக் குறிக்கும் சொல் போல ஒலிக்கும் என்பதை நினைத்தால், பெயரை மாற்றியதில் வியப்பில்லை. பல நாட்டு விற்பனையை ஒப்பிடுபவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். பெயர் மாறினால் கார் மாறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

இனி எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை தலைப்புகளுக்கு. ஏ1 செல்லை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன். பி1-இல் "கொரியா", சி1-இல் "அமெரிக்கா", டி1-இல் "கொரியா மொத்தம்", இ1-இல் "அமெரிக்கா மொத்தம்" என்று டைப் செய்யுங்கள். (இங்கே பி, சி, டி என்று எழுதுபவை ஆங்கில எழுத்துகள்தாம். ஃபார்முலா அமைக்கும்போது கீபோர்டில் ஆங்கிலத்திலேயே தட்டவும்.)

இரண்டாவது வரிசையிலிருந்து கீழே உள்ள எண்களை அதே வரிசையில் இடவும். கார் விற்பனை எண்கள் ஐம்பது, நூறுக்கு முழுமையாக்கப்பட்டவை. கடைசி இரண்டும் அந்தந்த நாட்டில் அந்த ஆண்டு விற்ற எல்லாப் புதிய வண்டிகளின் எண்ணிக்கை, ஏறத்தாழ, லட்சத்தில்.

2014 – 4,400 – 1,300 – 17 – 165
2015 – 4,300 – 2,500 – 18 – 175
2016 – 2,550 – 800 – 18 – 175
2017 – 1,550 – 450 – 18 – 172
2018 – 11,800 – 350 – 18 – 173
2019 – 10,900 – 400 – 18 – 170

எண்ணை மட்டுமே டைப் செய்யுங்கள். "4400 கார்கள்" என்று எழுதினால் எக்ஸெல் அதை எண்ணாக அல்ல, வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு வகுக்கப் போனால் பிழைச் செய்திதான் வரும். புதியவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

இப்போது 2015-ஆம் ஆண்டு வரிசையைப் பாருங்கள். கொரியாவில் 4,300, அமெரிக்காவில் 2,500. அமெரிக்காவிலும் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கொரியாவில் அந்த ஆண்டு விற்ற மொத்த வண்டிகள் 18 லட்சம். அமெரிக்காவில் 175 லட்சம். சின்ன ஊர்க் கடையையும் பெருநகரக் கடையையும் கல்லாப் பெட்டியை மட்டும் பார்த்து எடை போடலாமா?

எஃப்2 செல்லில் =பி2/டி2 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ஜி2-இல் =சி2/இ2. மொத்த விற்பனையை லட்சத்தில் இட்டிருப்பதால் "லட்சம் வண்டிக்கு எத்தனை கே 9?" என்ற விடை நேரடியாகக் கிடைக்கும். இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தின் மேல் மவுஸ் கர்சரைக் கொண்டு செல்லுங்கள். கர்சர் கூட்டல் குறியாக மாறும். அப்படியே அழுத்திப் பிடித்து ஏழாவது வரிசை வரை இழுத்து விடுங்கள். எல்லா ஆண்டுகளுக்கும் கணக்கு முடிந்துவிடும். தசம இலக்கங்கள் நீளமாக வந்தால், டூல்பாரில் அவற்றைக் குறைக்கும் பட்டனைத் தட்டினால் போதும்.

2015-க்கு என்ன வந்தது? கொரியாவில் லட்சத்துக்கு 239. அமெரிக்காவில் 14 சொச்சம். அதாவது ஏறத்தாழ 17 மடங்கு வித்தியாசம்.

ஆனாலும் இந்த விடையை அப்படியே நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவின் 175 லட்சத்தில் பிக்கப் டிரக்குகளும் அடக்கம். டிரக் வாங்கப் போனவர் கே 900-ஐத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். அதே 2015-இல் அமெரிக்காவில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் ஏறத்தாழ 22,000 விற்றது. அதனோடு வைத்துப் பார்த்தால், நூறு எஸ் கிளாஸுக்குப் பதினொரு கே 900. புதிதாக நுழைந்த ஒரு காருக்கு இது அவ்வளவு மோசமில்லை என்பேன். எதால் வகுக்கிறோம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எக்ஸெல் எதைக் கொடுத்தாலும் வகுத்துவிடும்.

அடுத்த கேள்வி: விற்பனை எந்த நாட்டில் வேகமாக விழுந்தது? இதற்கு ஓர் ஆண்டை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற ஆண்டுகளை அதோடு ஒப்பிடுவார்கள். எச்1-இல் "கொரியா 100", ஐ1-இல் "அமெரிக்கா 100" என்று தலைப்பிட்டு, எச்2-இல் =பி2/பி$2*100 என்று தட்டுங்கள். நடுவில் உள்ள டாலர் குறியைக் கவனியுங்கள். ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது முதல் பி2 என்பது பி3, பி4 என்று மாறிக்கொண்டே போகும். டாலர் போட்ட வரிசை எண் மட்டும் ஆணி அடித்தது போல 2-லேயே நிற்கும். எச்2-ஐ வலப்பக்கம் ஐ2 வரை இழுத்து, பிறகு இரண்டையும் கீழே இழுங்கள். பக்கவாட்டில் இழுக்கும்போது பி என்பது சி ஆகிவிடும். எழுத்துக்கு முன்னால் டாலர் போடவில்லை அல்லவா?

2017 வரிசையில் ஒரு வேடிக்கை. கொரியா 35, அமெரிக்காவும் 35! இரண்டு நாட்டிலும் ஒரே அளவுக்குச் சரிந்திருக்கிறது, மாடல் பழசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகுதான் ஓர் ஐயம் வந்தது. அமெரிக்காவில் இந்தக் கார் 2014-இல், ஆண்டு பிறந்து சில வாரங்கள் கழித்தே விற்பனைக்கு வந்தது. அந்தப் பிப்ரவரியில் சூப்பர் பௌல் கால்பந்துப் போட்டியின்போது, மேட்ரிக்ஸ் படத்து மார்ஃபியஸ் வேடத்திலேயே லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் தோன்றிய விளம்பரம் ஓடியது. ஆக, 1,300 என்பது முழு ஆண்டுக் கணக்கு அல்ல. ஒரு புதிய கார் கடைகளுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலத்துக் கணக்கு. அதை 100 என்று வைத்ததால்தான் 2015-க்கு 192 என்று பெரிதாக எகிறியது.

சரி, 2015-ஐ 100 ஆக வைப்போம். எச்2 செல்லை இருமுறை கிளிக் செய்து, பி$2 என்பதை பி$3 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். மீண்டும் வலப்பக்கமும் கீழேயும் இழுங்கள். 2017-க்கு இப்போது கொரியா 36, அமெரிக்கா 18. ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் தீர்ப்பே மாறிவிட்டது! இரண்டு நாட்டிலும் முழு ஆண்டு விற்ற முதல் வருடம் 2015 என்பதால் இதையே நான் ஏற்றுக்கொள்வேன். இனி யாராவது "விற்பனை இத்தனை சதவீதம் கூடியது" என்று சொன்னால், எந்த ஆண்டிலிருந்து என்று கேளுங்கள்.

2018-இல் கொரியா 274-க்குப் பாய்கிறது, அமெரிக்கா 14-இல் கிடக்கிறது. இதிலும் அவசரப்படக் கூடாது. இரண்டாம் தலைமுறைக் கார் கொரியாவில் அந்த ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவுக்கு ஆண்டின் கடைசியில்தான் போனது. நியாயமான ஒப்பீடு 2019-தான்: கொரியா 253, அமெரிக்கா 16. புதிய காராலும் அங்கே நிலைமையை மாற்ற முடியவில்லை. 2021 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் கே 900 நிறுத்தப்பட்டது.

இதைப் படமாகப் பார்க்க, ஏ1 முதல் ஏ7 வரை தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே எச்1 முதல் ஐ7 வரை தேர்ந்தெடுங்கள். இன்சர்ட் பகுதியில் லைன் சார்ட் கிளிக் செய்யுங்கள். ஏ1 காலியாக இருப்பதால் எக்ஸெல் 2014, 2015 என்பவற்றை ஆண்டுகள் என்று புரிந்துகொண்டு கீழே வைக்கும். அங்கே "ஆண்டு" என்று தலைப்பு எழுதியிருந்தால், அவற்றையும் விற்பனை எண்களாக எண்ணி மேலே ஒரு மூன்றாவது கோடு இழுத்துவிடக்கூடும்.

2012, 2013 ஆண்டுகளையும் மேலே சேர்க்க விரும்புகிறீர்களா? அப்போது அமெரிக்காவுக்குரிய இரண்டு செல்களில் 0 என்று போடாதீர்கள், காலியாக விடுங்கள். கார் அங்கே விற்காமல் போகவில்லை, போய்ச் சேரவே இல்லை. சராசரி எடுக்கும்போது எக்ஸெல் காலிச் செல்லை விட்டுவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். நம் எண்களில் அமெரிக்கச் சராசரி ஆண்டுக்கு 967. இரண்டு பூஜ்யங்கள் நுழைந்தால் அது 725 ஆகக் குறைந்துவிடும்.