மஜ்காவில் பிறந்த ஜீப்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டாப் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு நண்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பையனுக்கு இருபத்தாறு வயது. நல்ல உத்தியோகம். காப்பியைக் கையில் வாங்கியதுமே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, தார் வாங்கலாம்னு இருக்கேன். அப்பா வேண்டாங்கறார். நீங்க மெக்கானிக்கல் படிச்சவர். நீங்களே சொல்லுங்க."

தகப்பனாரின் கவலை மாதத் தவணை மட்டும் அல்ல. அதற்கு முந்தின வாரம், கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் அருகே மழைத் தண்ணீர் தேங்கி நின்றபோது, பையன் தன் சிநேகிதனின் உயரமான வண்டி ஒன்றை "இதெல்லாம் போயிடும்" என்று தண்ணீருக்குள் விட்டிருக்கிறான். பாதி வழியில் இன்ஜின் நின்றுவிட்டது. நாலு பேர் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளிக் கரையேற்றியிருக்கிறார்கள்.

அன்று அவனிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். இந்த ஆசை நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இருப்பதால், அதையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். வண்டியை வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம். வாங்குகிறவர் அது என்ன பொருள் என்று தெரிந்து வாங்க வேண்டும் அல்லவா?

போரில் பிறந்த வண்டி

1940ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டு பத்து மாதங்கள் ஆகியிருந்தன. குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பதிலாக, மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஏறி இறங்கும் சிறிய வண்டி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டியை 49 நாட்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய கம்பெனிகள் இதைக் கேட்டுத் தலையை ஆட்டி ஒதுங்கிவிட்டன. துணிந்து ஏற்றுக்கொண்டது, மூடும் நிலையில் இருந்த பாண்டம் என்ற சின்னஞ்சிறு கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாட்களில் வரைபடத்தைப் போட்டார். செப்டம்பர் 23ஆம் தேதி வண்டி ராணுவத்தின் வாசலில் நின்றது.

ஆனால் பாண்டம் கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் செய்து கொடுக்கும் வசதி இல்லை. ராணுவம் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகளையும் அழைத்தது. வில்லிஸ் கம்பெனியின் 60 குதிரைசக்தி இன்ஜின்தான் எல்லோரையும் முந்தியது. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைச் செய்து தள்ளின. கருவைச் சுமந்த பாண்டம் பின்தங்கிப் போயிற்று. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்.

'ஜீப்' என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. 1936இல் 'பாப்பாய்' என்ற படக்கதையில் எங்கு வேண்டுமானாலும் நுழைந்து போகும் 'ஜீப்' என்ற ஒரு விசித்திரப் பிராணி வந்தது, அதிலிருந்துதான் என்பது அவற்றுள் ஒன்று.

இந்த வண்டியின் வம்சம் உலகமெங்கும் பரவியது. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிப் பார்த்துத்தான் 1948இல் லேண்ட் ரோவர் வெளிவரக் காரணமானார். ஜப்பானில் 1951இல் டொயோட்டா செய்த ஜீப் போன்ற வண்டியே பின்னர் லேண்ட் க்ரூஸர் ஆயிற்று. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, வண்ணம் பூசி, 'ஜீப்னி' என்று ஊர்ப் பேருந்தாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

பம்பாய்க்கு வந்த கதை

எங்கள் பக்கத்துக் குரு தேக் பகதூர் நகர் நிலையத்தில் ஹார்பர் வண்டி ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் டாக்யார்டு ரோடு. அந்த நிலையம் இருக்கும் பகுதிதான் மஜ்காவ். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு, இந்திய ஜீப் பிறந்த ஊர் அது என்று தெரியும்?

ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்களும் மாலிக் குலாம் முகமது என்பவரும் சேர்ந்து 1945இல் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அப்போது அது இரும்பு வியாபாரக் கம்பெனி. தேசப் பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதி மந்திரியானார். பிறகு கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1948இல் கம்பெனியின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று மாறியது.

கே.சி. மஹிந்திரா போர்க் காலத்தில் வாஷிங்டனில் இந்தியாவின் பொருள் கொள்முதல் குழுவில் பொறுப்பு வகித்தவர். சாலையே இல்லாத நம் கிராமங்களுக்கு ஜீப் எவ்வளவு பொருத்தம் என்பதை உணர்ந்தவர். 1947இல் முதல் தவணையாக 75 வண்டிகள் தனித்தனிப் பாகங்களாகக் கப்பலில் வந்தன. 1949இல் மஜ்காவ் கூடத்தில் பாகங்களைப் பூட்டி முதல் ஜீப்பை இறக்கினார்கள். 1954 முதல் பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்யும் ஏற்பாடு வந்தது. பிறகு காந்திவலி, நாசிக், இகத்புரி என்று தொழிற்சாலைகள் பெருகின.

அமெரிக்காவில் 1953இல் வந்த 'சி.ஜே. 3பி' என்ற உயரமான பானெட் கொண்ட மாடலை அவர்கள் 1968இல் நிறுத்திவிட்டார்கள். நாமோ பல ஆண்டுகள் அதே முகத்தைக் காப்பாற்றினோம். பெட்ரோல் விலை ஏறியதும் டிராக்டர் இன்ஜினை ஜீப்பில் வைத்தார்கள். 1979இல் பிரான்ஸ் நாட்டுப் பெஜோ கம்பெனியிடம் டீசல் இன்ஜினுக்கு உரிமம் வாங்கினார்கள். எம்.எம். 540, கமாண்டர், 2000இல் பொலேரோ, 2002இல் ஸ்கார்ப்பியோ, 2010இல் தார் என்று பரம்பரை வளர்ந்தது. இப்போது தெருவில் காணும் புதிய தார் 2020இல் வந்தது.

'ஜீப்' என்ற பெயரின் உரிமை வில்லிஸிடமிருந்து கைசர், அமெரிக்கன் மோட்டார்ஸ், க்ரைஸ்லர், ஃபியட் என்று கைமாறி 2021இல் ஸ்டெலாண்டிஸ் என்ற கூட்டு நிறுவனத்திடம் வந்தது. 2018இல் மஹிந்திரா தன் பழைய ஜீப்பை 'ராக்ஸர்' என்ற பெயரில் அமெரிக்காவிலேயே விற்கப் போனபோது, பெயர் உரிமைக்காரர்கள் "இது எங்கள் சாயல்" என்று வழக்காடினார்கள். முகப்பை மாற்ற வேண்டியதாயிற்று. நம்மிடம் எழுபது வருடம் குப்பை கொட்டிய மருமகளைப் பிறந்த வீட்டில் அடையாளம் கேட்ட கதை இது.

நம் ஊர்களில்

திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு, நான் சிறுவனாக இருந்தபோது, பஸ் கிடையாது. தூரத்தில் செம்மண் புழுதி கிளம்பினால் பி.டி.ஓ. ஜீப் வருகிறது என்று அர்த்தம். 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே, கிராமத்துக்கு அரசாங்கம் என்பது ஜீப்பில்தான் வந்தது. அம்மை குத்துகிறவர், போலீஸ், தேர்தலில் ஓட்டுக் கேட்பவர் எல்லோருக்கும் அதுவே வாகனம். நாங்கள் பையன்கள் பின்னால் ஓடுவோம். பெரியவர்கள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

தேனி மாவட்டத்தில் கம்பம், போடிப் பக்கம் போனால் வேறொரு ஜீப்பைக் காணலாம். விடியற்காலையில் மலைக்கு மேல் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை அடைத்துக்கொண்டு ஏறும் ஜீப். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கற்களின் மேல் தாவித் தாவிப் போவதும் ஜீப்தான். இந்த வண்டியின் கவர்ச்சி விளம்பரத்தில் பிறந்தது அல்ல. வேறு எந்த வண்டியும் வராத இடத்துக்கு அது வந்தது என்ற நன்றியில் பிறந்தது.

நாலு சக்கர ஓட்டம் என்றால் என்ன?

இனிப் பாடத்துக்கு வருவோம். ரயில்வேக்காரன் ஆனதால் ரயிலை வைத்தே சொல்கிறேன்.

கசாராவிலிருந்து இகத்புரிக்கு ஏறும் தால் காட் பாதை 37 அடிக்கு ஒரு அடி உயரும். அங்கே ரயிலின் பின்னால் 'பாங்கர்' இன்ஜின்களைப் பூட்டித் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். முன் இன்ஜினுக்குச் சக்தி போதாமை மட்டும் காரணம் அல்ல. இன்ஜினுக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும், சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் அளவுக்குத்தான் இழுக்க முடியும். அதற்கு மேல் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பிடிமானம் எதைப் பொறுத்தது? இன்ஜின் சுழற்றும் சக்கரங்களின் மேல் உள்ள எடையைப் பொறுத்தது. பழைய டபிள்யூ.பி. நீராவி இன்ஜினுக்கு 12 சக்கரங்கள், அவற்றில் இழுப்பவை 6 மட்டுமே. டபிள்யூ.டி.எம். 2 டீசல் இன்ஜினிலோ 12 சக்கரங்களும் இழுக்கும். தன் எடை முழுவதையும் பிடிமானமாக்கிக்கொள்ளும்.

ஜீப்பின் ரகசியமும் இதுவே. ஒரு சிறு கணக்கு போடுவோம். வண்டியின் எடை 1,200 கிலோ என்று கொள்வோம். சேற்றில் பிடிமானம் எடையில் 10க்கு 3 பங்கு என்று கொள்வோம். இரண்டு சக்கரம் மட்டும் இழுத்தால், அவற்றின் மேல் உள்ள எடை ஏறக்குறைய பாதி, அதாவது 600 கிலோ. கிடைக்கும் இழுவை 180 கிலோ. நாலும் இழுத்தால் 360 கிலோ. 4 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் ஏற வேண்டிய இழுவை சுமார் 290 கிலோ. முதல் வண்டி சேற்றில் சுற்றும், இரண்டாவது ஏறிவிடும். இன்ஜின் இரண்டிலும் ஒன்றேதான்.

இதனுடன் 'லோ கியர்' என்ற வசதியும் உண்டு. பழைய வில்லிஸ் ஜீப்பில் அதைப் போட்டால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், இழுவிசை இரு மடங்காகும். கடப்பாரையை நீளமாகப் பிடித்துக் கல்லைப் புரட்டுவது போல.

நான் பட்ட பாடம்

இகத்புரிப் பக்கம் வேலையாக இருந்த காலத்தில் ஒருநாள், டிரைவரை நகரச் சொல்லிவிட்டு நானே ஜீப்பை ஓட்டினேன். சேறு முடிந்து தார் ரோடு வந்த பிறகும் நாலு சக்கர லீவரை எடுக்கவில்லை. நாலும் இழுத்தால் நல்லதுதானே என்று நினைப்பு. நாலைந்து வளைவு திரும்பியதும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, லீவரும் அசையவில்லை. வயதான அந்த மராத்தி டிரைவர் சிரிக்காமல், "சாஹேப், கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள்" என்றார். பத்தடி பின்னால் போனதும் 'டக்' என்று விடுபட்டது.

டிப்ளமோ படித்த எனக்கு அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. அந்தப் பழைய ஜீப்பில் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் இந்த வித்தியாசம் போக வழியில்லை. சேற்றில் டயர் சற்று வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த ரோட்டில் வழுக்காது, முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஆகவே, தேவைப்படும் இடத்தில் போட வேண்டும், தேவை தீர்ந்ததும் எடுக்க வேண்டும்.

எதை அது செய்யாது?

பையனிடம் நான் வற்புறுத்திச் சொன்னவை இவை.

முதலாவது, நாலு சக்கர ஓட்டம் வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மழையில் வழுக்கும் ரோட்டில், பிரேக்கைப் பொறுத்தவரை சாதாரணக் காரைவிட ஜீப்புக்கு விசேஷ வரம் எதுவும் இல்லை. உயரமான வண்டியாதலால் வேகமாகத் திருப்பினால் கவிழும் ஆபத்துதான் அதிகம்.

இரண்டாவது, தண்ணீர். 2020ஆம் ஆண்டுத் தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகலாம் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். அதாவது இரண்டடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காற்று இழுக்கும் குழாயில் தண்ணீர் ஏறினால் அது சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. இன்ஜினின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதைவிட, தெருத் தண்ணீருக்கு அடியில் மூடி திறந்த சாக்கடை இருப்பதை எந்த வண்டியும் கண்டுபிடிக்காது. 2005 ஜூலை 26ஆம் தேதியை இந்த ஊரில் யார் மறப்பார்கள்? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று காருக்குள் கண்ணாடியை இறக்க முடியாமல் உயிரை விட்டவர்கள் உண்டு. தண்ணீர் தேங்கியிருந்தால் வண்டியைத் திருப்புங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்குங்கள்.

மூன்றாவது, பார்வைக்கு ஜீப்பாக இருப்பதெல்லாம் நாலு சக்கரமும் இழுப்பது அல்ல. 2023 முதல் தாரிலேயே பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் விற்பனையாகிறது. நகரத்துக்குள் ஓட்ட அது போதும். ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்ட பையன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ வாங்க வேண்டாங்கறீங்களா மாமா?" என்றான். "வாங்கு. ஆனால் தவணை உன் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. வாங்கினதும் முதலில் ஒரு மண் ரோட்டில் ஓட்டப் பழகு. காந்தி மார்க்கெட் தண்ணீர் பரீட்சைக் கூடம் அல்ல" என்றேன். தகப்பனார் முகத்தில் முழுத் திருப்தி இல்லை, ஆனால் காப்பியை ஒரு வழியாகக் குடித்து முடித்தார்.

போகும்போது அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். மஜ்காவில் பாகங்களைப் பூட்டித் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பெரிய ஆராய்ச்சி நிலையம் 2012 முதல் சென்னைக்கு அருகே, செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அன்று அமெரிக்கப் பாகங்களைப் பம்பாயில் முடுக்கினோம், இன்று நம் பிள்ளைகள் தமிழ்நாட்டில் உட்கார்ந்து வண்டியையே வரைகிறார்கள். ஜீப்பை ஓட்ட ஆசைப்படும் நம் வீட்டுப் பிள்ளைகளில் ஓரிருவராவது, அதை வரையவும் ஆசைப்படட்டும்.