கரிய மணலும் வெண்ணிறக் களிம்பும்

முகத்தில் பூசும் களிம்புக்கும் கடற்கரை மணலுக்கும் உறவு உண்டு என்றால் நண்பர்கள் பலர் நகைக்கக்கூடும். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அம்மணலின் இருப்பிடம் இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரை. அன்று தேடப்பட்டது மோனசைட்டிலுள்ள தோரியமே. அதனுடன் கலந்து கிடந்த கரிய இல்மனைட்டுக்குப் பின்னரே மதிப்பு வந்தது.

இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் உள்ளன. அதனைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பை நீக்கி, எஞ்சுவதைச் சூளையிலிட்டால் பால் போன்ற டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கிறது. கருமையிலிருந்து இத்தனை வெண்மையா என்று நான் வியந்ததுண்டு. வைரத்தினும் மிகுதியாக ஒளியை விலக்கும் பொருள் இது. சுவர்ப் பூச்சு, தாள், பிளாஸ்டிக் யாவற்றுக்கும் வெண்மை தருவதும் இதுவே.

களிம்பில் இதன் வேலை வேறு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களை இது பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. ஓரளவு சிதறடிக்கவும் செய்கிறது. தோலைக் கன்றச் செய்யும் குறுகிய அலைக் கதிர்களை இது நன்கு தடுக்கும். நீண்ட அலைக் கதிர்களுக்குத் துத்தநாக ஆக்சைடே மேல். (விடுதியில் வேர்க்குருவுக்குப் பூசும் இளஞ்சிவப்புக் காலமைனும் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடுதான், சிறிது இரும்பு ஆக்சைடு நிறம் கூட்டுகிறது.)

ஐந்தருவியில் சாரல் காலத்தில் வெயில் ஏது என்று கேட்பார்கள். மேகத்தினூடேயும் இக்கதிர்கள் வரும். ஆனால் களிம்பைப் பூசிக்கொண்டு அருவிக்குள் நிற்பது வீண். அந்த நீரின் வேகத்தில் எதுவும் நிற்காது. குளித்துத் துவட்டிய பின் பூசலாம். வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும்.

இது தீங்கற்றதா? நலமான தோலைக் கடந்து இது உட்செல்வதாகத் தெரியவில்லை. 2019-இல் அமெரிக்க மருந்துத் துறை வெயில் காப்புப் பொருள்கள் பதினாறை ஆராய்ந்து, பாதுகாப்பும் பயனும் உடையவையென ஏற்க முன்மொழிந்தவை இவ்விரு ஆக்சைடுகள் மட்டுமே. ஆயின் ஒளிபட்டால் இத்துகள் வினையூக்கியாகும் இயல்புடையது. ஆகவே அலுமினா அல்லது சிலிக்கா கொண்டு மேற்பூச்சிடுகிறார்கள். நுரையீரலுக்குள் போவதோ வேறு கதை. எலிகள் இதன் தூசியை மிகுதியாகச் சுவாசித்தபோது நுரையீரலில் கட்டிகள் தோன்றியதால், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. எனவே களிம்பாகப் பூசுக. தெளிப்பானாக முகத்தில் பீய்ச்ச வேண்டாம் என்பதே என் கருத்து.

என் தங்கை கேட்டாள்: "ஏண்ணே, இதப் போட்டா நெசமாவே நெறம் கூடுமா?" கூடாது. நம் மாநிறத்தில் அது திருநீறு போல் வெளிறித் தெரியும், கழுவினால் போய்விடும். இந்த ஆசையில்தான் ஆபத்து நுழைகிறது. சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் பாதரச உப்பு கலக்கிறார்கள். அது தோலின் நிறமி உண்டாவதைத் தடுப்பதால் நிறம் வெளுப்பது உண்மையே. ஆனால் பாதரசம் தோல்வழி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். மலை தாண்டிய கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்தில், இத்தகைய களிம்பு பூசியவர்களிடம் ஒரு வகைச் சிறுநீரக நோயை மருத்துவர்கள் கண்டு 2023-இல் எச்சரித்தனர். களிம்பை நிறுத்தியபின் பலர் தேறினர்.

நம் நாட்டு 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடுக்கின்றன. ஆயினும் தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாக்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒரு வாரத்தில் நிறம் மாறும் என்று எவரேனும் உறுதி கூறினால், அந்த டப்பாவைத் திருப்பி, உட்பொருள் பட்டியலில் மெர்க்குரி, கலோமெல் என்ற சொற்கள் உண்டா என்று பாருங்கள். பட்டியலே இல்லையென்றால் வாங்காதீர்கள்.