இமை கறுத்தால்…

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் அக்காவுக்குக் கண்ணருகே சிறு கீறல். இரண்டே நாளில் இமை கறுத்து, சதையை வெட்டி எடுத்துவிட்டார்கள். மருந்திலேயே குணப்படுத்தியிருக்க முடியாதா?

பதில்: முடியாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தோலுக்கடியில் பரவும்போது அங்குள்ள ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் போகாத சதைக்கு மருந்தும் போகாது. அந்தச் சதையை அகற்றுவதுதான் அக்காவின் உயிரைக் காக்கும் வழி. கூடவே பென்சிலின் வகை மருந்தையும் கிளிண்டாமைசினையும் சிரை வழியே ஏற்றுவார்கள். கிளிண்டாமைசின் கிருமி நச்சு சுரப்பதைத் தடுக்கும். கீறலுக்கு மீறிய வலி, ஊதா நிறம், நீர்க்கொப்புளம் தெரிந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொற்று முற்றிலும் அடங்கியபின் வேறிடத்துத் தோலை ஒட்டி இமையைச் சீரமைக்கலாம். இமை சரியாக மூடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். ஆகவே கண் மருத்துவர் சொல்லும் நேரத்தில் அந்தச் சீரமைப்பைச் செய்துவிடுங்கள். சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள்.