பெட்டிக்குள் போகிறவள் ஏன் சிரிக்கிறாள்?

லோதி ரோடு, புது டில்லி

அன்புள்ள தம்பிக்கு,

உன் மேஜிக் ஷோ ‘அரக்கன் கோட்டை’யின் எழுத்துப் பிரதியை நீ அனுப்பியபோதே எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. போன ஞாயிறு லோதி ரோடில் அதை மேடையில் பார்த்ததும் உறுதியாகிவிட்டது. கைச்சுத்தம், கோணம், வெளிச்சம் பற்றியெல்லாம் உன்னிடம் நான் பேசப் போவதில்லை. அதெல்லாம் உனக்கு வந்துவிட்டது. எரிச்சல் மூட்டிய விஷயத்துக்கே நேராக வருகிறேன்.

அரக்கன் இளவரசியை இழுத்து வருகிறான். ஸ்பீக்கரில் இடி இடிக்கிறது. பதிவு செய்த குரல் ஒன்று ‘ஐயகோ’ என்று அலறுகிறது. இளவரசியோ சபையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கையை விரித்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பெட்டிக்குள் ஏறிப் படுக்கிறாள். கழுத்துக்கு மேலே ரம்பம், முகத்தில் பற்பசை விளம்பரம்! அந்தப் பெண்மேல் தப்பில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடி நின்றாள். 1921-ல் லண்டனில் செல்பிட் என்பவர் பெட்டியோடு பெண்ணை அறுத்துக் காட்டினார். அதற்கப்புறம் வந்த நூறு வருஷத்தில் எத்தனையோ பேர் இப்படிச் சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் போயிருக்கிறார்கள். எதற்காகப் போகிறாய் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

தெருவில் கேட்டார்கள். கூடை வித்தையை நீ நேரில் பார்த்திருக்க மாட்டாய். நான் டில்லிக்கு வந்த புதிதில் செங்கோட்டைப் பக்கம் பார்த்தேன். உஸ்தாத் ஒருவர், அவருக்கு ஜமூரா என்று ஒரு பையன். ‘கூடைக்குள் போ’ என்கிறார் உஸ்தாத். ‘பசிக்கிறது, மாட்டேன்’ என்கிறான் பையன். கெஞ்சல், அதட்டல், ஒரு அறை. கூட்டத்தில் ஒரு கிழவர், ‘விட்டுடுப்பா, சின்னப் பிள்ளை’ என்று நிஜமாகவே குறுக்கே வந்தார். உஸ்தாத் அவரையும் முறைத்துவிட்டு, பையனை வலையில் கட்டிக் கூடைக்குள் திணித்து மூடினார். கத்தி உள்ளே போனது. முதலில் ஒரு முனகல், அப்புறம் ஒன்றுமில்லை. உஸ்தாதின் கை நடுங்க ஆரம்பித்தது. முறை என்ன என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தும் அடிவயிறு கலங்கியது. அவர்களிடம் ஸ்பீக்கர் கிடையாது, அரக்கன் கிடையாது. ஒருவன் போகச் சொல்கிறான், இன்னொருவன் மாட்டேன் என்கிறான். நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்? அப்படிப்பட்ட குடும்பங்கள் பல இருந்த ஷாதிப்பூர் கட்புத்லி காலனியை 2017-ல் இடித்துவிட்டார்கள். உன் தலைமுறைக்கு அந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று.

இரண்டாவது எரிச்சல், முடிவு. பெட்டி திறந்ததும் அவள் எழுகிறாள், நீ குனிந்து வணக்கம் போடுகிறாய், பாட்டு. அரக்கன் என்ன ஆனான்? இரண்டு துண்டாகி ஒட்டிக்கொண்டவளுக்குத் தன் காலைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லையா?

பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரலில் பிபிசியின் ‘பனோரமா’வில் செய்ததைப் பற்றிப் படித்திருப்பாய். வட்ட ரம்பத்தால் பெண்ணை அறுத்தார். பிறகு எழுப்பினார். அவள் எழவில்லை. கையைத் தேய்த்தார், கூப்பிட்டார், முகத்தைத் துணியால் மூடினார். நிகழ்ச்சியை நடத்திய டிம்பிள்பி கேமராவுக்கு முன்னால் வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்துப்போனாள் என்றே நம்பி ஜனங்கள் ஃபோன்மேல் ஃபோன் போட்டார்கள். நேரம் தீர்ந்துபோனது என்றார்கள், விளம்பரத் தந்திரம் என்றும் சொன்னார்கள். விளம்பரமாகவே இருக்கட்டும். அந்த மகாராஜா உடுப்பும் தலைப்பாகையும் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த மனிதர் ஒரு வரிகூடக் கதை சொல்லவில்லை. அவள் கண் திறப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார், அவ்வளவுதான்.

தள்ளிப்போடுவதில் நம்மூர் மோடி மஸ்தானை அடிக்க ஆளில்லை. கும்பகோணத்தில் சின்ன வயதில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். ஒரு பக்கம் முளையில் கட்டிய கீரி, மறுபக்கம் மூடிய பாம்புக் கூடை. ‘இதோ சண்டைக்கு விடப்போகிறேன். இடையில் நகர்ந்தவன் ரத்தம் கக்கிச் சாவான்.’ சண்டை கடைசிவரை வராது, தாயத்துதான் வரும். மறுவாரமும் போய் நிற்பேன். கயிற்று வித்தை மட்டும் என்ன? கயிறு அந்தரத்தில் நிற்க, பையன் அதில் ஏறி மறைந்தான் என்று 1890-ல் சிகாகோ பத்திரிகை ஒன்று இட்டுக்கட்டி எழுதியது. பொய் என்று அதே பத்திரிகை ஒப்புக்கொண்ட பிறகும் ‘நான் கண்ணால் பார்த்தேன்’ என்று வரிசையாக ஆள் வந்தார்கள். வித்தையே இல்லாமல் கதை ஓடியது. நீ நல்ல வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு கதையை ஸ்பீக்கரில் போடுகிறாய்.

திட்டி முடித்தாயிற்று. இடைவேளைக்கு முன்னால், மைக் செத்துப்போன அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்கிறேன். முதல் வரிசை மாமியிடம் மோதிரம் வாங்கினாய், மறைந்தது. நீயே திகைத்தாய். நாற்காலிக்கு அடியில் தேடினாய். அசிஸ்டென்டிடம், ‘நீ எடுத்தியா?’ என்று குரல் உடைந்து கேட்டாய். ‘ஐயோ, அது அவர் போட்டது’ என்றார் மாமி. அரங்கில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. கடைசியில் அவர் மடியிலேயே இருந்த மல்லிகைப்பூப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னாய். அவர் அழுதுவிட்டார். தம்பி, இந்த ஊரில் பெரிய பெரிய ஷோவெல்லாம் பார்த்தவன் நான், இதற்கு ஈடாக ஒன்றைப் பார்த்ததில்லை. முட்டிவலி மட்டும் இல்லையென்றால் எழுந்து நின்றிருப்பேன். ஆனால் உன் பிரதியில் அந்த ஐட்டத்துக்கு நேரே ‘நேரம் போக்க’ என்று எழுதியிருக்கிறாய்!

அதைக் கடைசி ஐட்டமாக வை. அரக்கனை வீட்டுக்கு அனுப்பு, ஒலிப்பதிவையும் சேர்த்துத்தான். பெட்டி ஐட்டம் வேண்டுமென்றால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வசனம் எழுது. ‘மாட்டேன்’ போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு வா, என் வீட்டு ஹாலிலேயே ஒத்திகை பார்க்கலாம். பெட்டியின் இடது பக்கக் கீல் கீச்சிடுகிறது. நாலாவது வரிசை வரைக்கும் கேட்டது, எண்ணெய் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்