சோதனை வாயிலில் மனித மாண்பு

நுழையும்முன்

நாட்டைக் காப்பது அரசின் கடமை. தன்மதிப்புடன் வாழ்வது குடிமக்களின் உரிமை. இவ்விரண்டும் நேருக்குநேர் சந்திக்கும் இடங்களுள் ஒன்று விமான நிலையத்தின் சோதனை வாயில். அங்கே ஒரு பயணி தம் பையையும் உடலையும் முகத்தையும் முன்பின் அறியாத ஒருவரின் பார்வைக்கு உட்படுத்துகிறார். எந்த அளவுவரை உட்படுத்தலாம்? எங்கே நிறுத்த வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மலையடிவாரத்து விமான நிலையம்

ஏற்காட்டின் காட்சிமுனைகளில் நின்று நோக்கினால் சேலம் நகரமும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் விரிந்து கிடப்பதைக் காணலாம். சேர்வராயன் மலையைவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் சேலத்தை அடையலாம். அங்கிருந்து ஓமலூர் செல்லும் வழியில் உள்ளது காமலாபுரம். சேலம் மாவட்டத்தின் விமான நிலையம் அங்குதான் அமைந்துள்ளது. நெடுங்காலம் பயணியர் சேவையின்றி இருந்த இந்நிலையத்திலிருந்து, சிறு நகரங்களை வான்வழியே இணைக்கும் 'உடான்' திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் புறப்பட்டது. இடையில் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது.

ஒரு காலத்தில் பெருநகரத்தாரின் வசதியாக இருந்த வான்பயணம், இன்று காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் எட்டக்கூடியதாகிவிட்டது. மேற்படிப்புக்காகவோ பணிக்காகவோ முதன்முறை விமானம் ஏறும் இளைஞர் எவரும் சோதனை வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே, அவ்வாயிலைப் பற்றிய சிந்தனை நம் அனைவருக்கும் உரியது.

பொருளைச் சோதித்தல்

சோதனை என்பது நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அலுவலர்கள் பண்டங்களை மதிப்பிட்டுப் புலி முத்திரை இட்டனர் என்பதைப் பட்டினப்பாலை வழியே அறிகிறோம். இன்று ஏற்காடு அடிவாரச் சோதனைச்சாவடியில் நிறுத்தப்படும் வாகனத்தினுள் என்ன இருக்கிறது என்று அலுவலர் பார்ப்பதும் அம்மரபின் தொடர்ச்சியே. விமான நிலையத்தில் பெட்டி ஊடுகதிர்க் கருவியினுள் செல்வதும் அத்தகையதே. இவற்றில் சோதிக்கப்படுவது பொருள். அதன் உரிமையாளர் சற்று விலகி நிற்கிறார். இதனைப் பயணியர் பெரும்பாலும் குறையாகக் கருதுவதில்லை.

உடலைச் சோதித்தல்

பொருளோடு நின்ற சோதனை உடலை நோக்கி நகர்ந்ததற்குக் கசப்பான வரலாறு உண்டு. 1984 ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்து ஏறத்தாழ முப்பது பேர் உயிரிழந்தனர். உரியவர் பயணம் செய்யாமையால் நிலையத்திலேயே தங்கிவிட்ட பெட்டிகளில் அக்குண்டு இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 23ஆம் நாள், ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கடற்பகுதியில் நடுவானில் வெடித்துச் சிதறியது; 329 உயிர்கள் பறிபோயின. அங்கும் குண்டு இருந்த பெட்டி பயணித்தது. பெட்டிக்கு உரியவர் பயணிக்கவில்லை. பயணி ஏறாவிடில் அவருடைய பெட்டியும் ஏறக்கூடாது என்னும் விதியின் இன்றியமையாமையை இந்நிகழ்வுகள் உலகுக்கு உணர்த்தின. விமானப் பாதுகாப்புக்கான பணியகம் 1987இல் தனித் துறையாக்கப்பட்டது.

1999 டிசம்பர் 24ஆம் நாள் காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்திய விமானம் கடத்தப்பட்டுக் காந்தகாருக்குக் கொண்டு செல்லப்பட்டது. எட்டு நாள் நீண்ட அத்துயரத்தின் பின், விமான நிலையங்களின் பாதுகாப்பு மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் அப்பணி தொடங்கிற்று. உலோகம் கண்டறியும் வாயில், கையால் தடவிச் சோதித்தல், மகளிரைத் திரையிட்ட அறையில் மகளிரே சோதித்தல் ஆகியன இன்று வழக்கமாகிவிட்டன. கசப்பான பட்டறிவிலிருந்து பிறந்தவை இவ்விதிகள். அவற்றை வீண் தொல்லை என்று ஒதுக்கிவிட இயலாது.

பயணியரின் இருவேறு கருத்துகள்

சோதனையைப் பற்றிப் பயணியர் கூறும் கருத்துகள் இரு திறத்தன. "சில நிமிடத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் உயிர் பிழைக்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் ஏன் தயங்க வேண்டும்?" என்பார் ஒரு சாரார். "என் உடலை அயலார் தொடுவதும், மருந்தையும் உள்ளாடையையும் பலர் காணப் பிரித்துப் பார்ப்பதும் என்னைக் குற்றவாளி போல் உணரச் செய்கின்றன" என்பார் மற்றொரு சாரார்.

முதற்கருத்தில் உள்ள உயிர்க்காப்பு என்னும் நோக்கம் மறுக்க இயலாதது. ஆயினும் 'மறைப்பதற்கு ஒன்றுமில்லை' என்னும் சொல்லை ஆராய்தல் வேண்டும். வீட்டுக்குக் கதவு வைத்திருப்போர் எல்லாரும் குற்றம் செய்வோர் அல்லர். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவது சதித்திட்டம் தீட்டுவதற்கு அன்று. பிறர் பார்வைக்கு எதனைத் திறந்துவைப்பது, எதனை மூடிவைப்பது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமைதான் தனியுரிமை. அது குற்றத்தை மறைக்கும் திரையன்று. மனிதரை மனிதராக வைத்திருக்கும் எல்லைக்கோடு.

இரண்டாம் கருத்தினரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓடும் பேருந்தை நிறுத்தி இறங்கலாம். பறக்கும் விமானத்திலிருந்து இறங்க இயலாது. ஒருவர் மறைத்துக் கொண்டுவரும் பொருள் உடன் பயணிக்கும் அனைவரின் உயிரையும் பறிக்கக்கூடும். எனவே, சோதனையே வேண்டா என்பது பொருந்தாது. சோதனை எவ்வாறு நிகழ வேண்டும் என்பதே உரிய வினா.

வள்ளுவர் நாடாள்வோருக்கு ஒற்றாடலை ஓர் அதிகாரத்தில் வகுத்தார். அதே பொருட்பாலில் மானத்திற்கும் ஓர் அதிகாரம் அமைத்தார். கண்காணிப்பும் தன்மதிப்பும் ஒரே சமூகத்தில் ஒருசேர நிலவ வேண்டியவை என்பதற்கு இவ்வமைப்பு ஒரு குறிப்பாகலாம்.

ஒரே விதி, வெவ்வேறு சுமை

அனைவரையும் ஒரேபோல் சோதிப்பதே சமத்துவம் என்பர். மக்கள் உள்ளங்கவர்ந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், 2009 ஏப்ரலில் தில்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தாரால் சோதிக்கப்பட்டார். இந்திய விதிகளின்படி அவருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. ஆயினும் அவர் முகம் சுளிக்காமல் ஒத்துழைத்தார். செய்தி வெளியானபின் நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் விமானத்தில் அமர்ந்தபின்னும் அவருடைய மேலங்கியும் காலணியும் சோதனைக்காகப் பெறப்பட்டன. அதற்கு அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. கலாமின் பணிவு போற்றத்தக்கது. ஆனால், பெரியோர் ஒருவர் சோதிக்கப்படும்போது நாடே கேள்வி கேட்கிறது. எளியோர் ஒருவர் அவமதிக்கப்படும்போது கேட்பார் யார் என்னும் எண்ணமும் உடன் எழுகிறது.

பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரனின் பட்டறிவு இவ்வெண்ணத்தை மேலும் ஆழமாக்குகிறது. 1981இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தினால் வலக்காலை இழந்த அவர், ஜெய்ப்பூர்ச் செயற்கைக்கால் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறி ஆடினார். தம் வாழ்வைத் தழுவி எடுக்கப்பட்ட 'மயூரி' என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் தாமே நடித்தார். 2021 அக்டோபரில் அவர் ஒரு காணொலி வெளியிட்டார். விமான நிலையம் செல்லும்போதெல்லாம் செயற்கைக்காலைக் கழற்றச் சொல்கின்றனர் என்றும், வெடிமருந்துத் துகள் கண்டறியும் கருவியால் சோதிக்குமாறு வேண்டியும் பயனில்லை என்றும் அதில் வருந்திக் கூறினார். பாதுகாப்புப் படை மறுநாளே வருத்தம் தெரிவித்தது. தவிர்க்க இயலாத சூழலில் மட்டுமே செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்பதே விதி என்றும் விளக்கிற்று.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. காலணியைக் கழற்றச் சொல்வது பிறருக்கு ஒரு நொடி வேலை. காலையே கழற்றச் சொல்வது சுதா சந்திரனுக்குத் தாம் வென்றெடுத்த வாழ்வைப் பலர் முன்னிலையில் கழற்றிவைப்பதற்கு ஒப்பாகும். விதி ஒன்றாயினும் சுமை ஒன்றன்று. சுமையையும் எண்ணிப் பார்ப்பதே உண்மையான சமத்துவம்.

தெரிந்து தெளிவோம்

ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனியுரிமை, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் உயிர், தனிமனித விடுதலை ஆகியவற்றினுள் அடங்கிய அடிப்படை உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மூன்று வினாக்கள்

தனியுரிமை எல்லையற்றதன்று என்பதையும் அத்தீர்ப்பு உணர்த்துகிறது. அரசு அதில் தலையிடலாம். ஆனால் தலையிடும் முன் மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும். இத்தலையீட்டுக்குச் சட்டத்தின் துணை உண்டா? முறையான நோக்கம் உண்டா? நோக்கத்திற்கு ஏற்ற அளவில்தான் தலையீடு அமைந்துள்ளதா? மூன்றாவது வினா மிக முதன்மையானது. பாதுகாப்பு என்னும் நோக்கம் சரியானது என்பதாலேயே எல்லா வழிமுறையும் சரியாகிவிடாது. குறைந்த தலையீட்டில் அதே பயன் கிட்டுமாயின் அவ்வழியையே தேர்தல் வேண்டும்.

இஃது இயலுமா? முழுவுடல் ஸ்கேனரின் வரலாறு இயலும் என்கிறது. 2009 டிசம்பர் 25ஆம் நாள், அமெரிக்காவின் டெட்ராய்ட் நோக்கிச் சென்ற விமானத்தில் ஒருவர் உள்ளாடையில் மறைத்த வெடிபொருளை வெடிக்கச் செய்ய முயன்றார். உலோகம் கண்டறியும் வாயில் அதனைக் கண்டறியவில்லை. எனவே, ஆடைக்குள் ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர்கள் அமெரிக்க நிலையங்களில் பரவலாயின. அவை பயணியின் உடல் வடிவத்தையே திரையில் காட்டியதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் மென்பொருள் மாற்றப்பட்டது. யாவருக்கும் பொதுவான ஒரு கோட்டுருவம் மட்டும் திரையில் தோன்றும். ஐயத்திற்குரிய இடம் அதில் குறியிடப்படும். அவ்வாறு மாற்ற இயலாத கருவிகள் 2013க்குள் அகற்றப்பட்டன. பயணியர் எழுப்பிய குரலால் பாதுகாப்பும் குறையவில்லை, மாண்பும் காக்கப்பட்டது. இந்தியாவிலும் முதன்மையான விமான நிலையங்களில் இவ்வகை ஸ்கேனர்களை நிறுவப் பாதுகாப்புப் பணியகம் 2019இல் அறிவுறுத்தியது.

முகமே நுழைவுச்சீட்டு

பொருளிலிருந்து உடலுக்கு வந்த சோதனை, இப்போது முகத்திற்கு வந்துள்ளது. 2022 டிசம்பர் 1ஆம் நாள் தில்லி, பெங்களூரு, வாரணாசி நிலையங்களில் 'டிஜி யாத்ரா' தொடங்கப்பட்டது. பின்னர்ச் சென்னை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களுக்கும் வந்தது. செயலியில் முன்பதிவு செய்த பயணியின் முகத்தைக் கேமரா அடையாளங்கண்டு நுழைவாயிலைத் திறக்கிறது. வரிசை குறைகிறது, காலம் மிச்சமாகிறது. விவரங்கள் பயணியின் கைப்பேசியிலேயே இருக்கும் என்றும், நிலையத்துக்கு அனுப்பப்பட்டவை 24 மணிநேரத்தில் அழிக்கப்படும் என்றும் கூறப்படுகிறது. இத்திட்டத்தில் சேர்வது அவரவர் விருப்பம்.

ஆயினும், விளக்கம் ஏதுமின்றி வாயிலிலேயே தம் முகம் படமெடுக்கப்பட்டதாக முறையிட்ட பயணியரும் உண்டு. அறியாமல் அளிக்கும் இசைவு இசைவாகாது. கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற இயலாது. 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என அறியவும், திருத்தவும், அழிக்கக் கோரவும் குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. கேட்கும் துணிவும் வேண்டும்.

நிறைவாக

பெட்டி, உடல், முகம் எனச் சோதனை மனிதரை நெருங்கிக்கொண்டே வருகிறது. எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்குச் சோதிப்போரின் பொறுப்பும் பெருகுதல் வேண்டும். காரணத்தைக் கூறுதல், கனிந்த சொல் வழங்குதல், தனியறை கேட்பவர்க்கு அதனை அளித்தல், மாற்று வழி இருப்பின் அதனை நாடுதல் ஆகியன சோதிப்போர் கடன். வரிசையில் ஒழுங்காக நிற்றல், தடைசெய்யப்பட்டவற்றைக் கொண்டுசெல்லாதிருத்தல், செயற்கை உறுப்போ மருத்துவக் கருவியோ இருப்பின் முன்னரே தெரிவித்தல், கடமை ஆற்றுவோரை மதித்தல் ஆகியன பயணியர் கடன்.

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் இளைஞர் நாளை சோதனை வாயிலில் கைகளை விரித்து நிற்கலாம். அச்சத்தினால் நில்லாமல், உடன் பயணிப்போர் பாதுகாப்புக்குத் தாம் தரும் ஒத்துழைப்பு இஃது என்னும் தெளிவோடு நிற்க வேண்டும். எல்லை மீறப்படுமாயின் பணிவோடும் உறுதியோடும் காரணம் கேட்கவும் அவர் அறிந்திருக்க வேண்டும். அவருள் சிலர் சோதிக்கும் சீருடையையே அணியக்கூடும். தம் முன் நிற்பவர் ஒரு பயணி மட்டுமல்லர், மாண்புடைய மனிதர் என்பதை அன்று அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. விமானம், இரயில், பேருந்து ஆகியவற்றில் பயணம் செய்த மூவரிடம் சோதனை பற்றிய கருத்துகளைக் கேட்டறிந்து, வகுப்பில் பகிர்க.
2. 'பாதுகாப்புக்காகத் தனியுரிமையை எந்த அளவுவரை விட்டுக்கொடுக்கலாம்?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் கைப்பேசியில் உள்ள செயலி ஒன்று எவ்வெவ் விவரங்களுக்கு இசைவு கேட்கிறது எனப் பட்டியலிட்டு, அவற்றுள் தேவையானவை எவை எனக் காரணத்துடன் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: தனியுரிமை என்பது குற்றத்தை மறைக்கும் திரையன்று — விளக்குக.

சிறுவினா: 'விதி ஒன்றாயினும் சுமை ஒன்றன்று' என்னும் கருத்தைச் சுதா சந்திரனின் பட்டறிவு கொண்டு நிறுவுக.

நெடுவினா: பாதுகாப்பும் மாண்பும் ஒன்றையொன்று அழிக்காமல் நிலவ இயலும் என்பதைப் பாடப்பகுதி வழியாகவும் உம் பட்டறிவு வழியாகவும் கட்டுரைக்க.