தொகுத்தோனும் தொகுப்பித்தோனும்: இடைக்காலத் திருச்சபைச் சட்டத் தொகைகள்

தொகைநூல் ஆய்வில் தொகுத்தோர், தொகுப்பித்தோர் என இருவரைப் பிரித்தறிவது வழக்கு. ஐரோப்பிய இடைக்காலத் திருச்சபைச் சட்டத் தொகைகளை அணுகவும் இப்பாகுபாடு உதவுகிறது.

1140ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் போலோஞா நகரில் கிராசியன் தொகுத்த 'தெக்ரேத்தும்' நூலுக்குத் தொகுப்பித்தோன் என எவரும் இலர். திருத்தந்தையர் மடல்கள், திருச்சங்க விதிகள், திருச்சபைத் தந்தையர் கூற்றுகள் ஆகியவற்றுள் முரண்படுவனவற்றை எதிரெதிரே நிறுத்தி, இடையிடையே தம் உரையை அவர் அமைத்தார். இரண்டாம் பகுதி 36 புனைவு வழக்குகளால் ஆனது. 29ஆம் வழக்கில், உயர்குடி மகன் ஒருவனை மணக்க இசைந்த பெண்ணை, அவன் பெயரில் வந்த அடிமை மணந்துகொள்கிறான். ஆளைப் பற்றிய பிழை மணத்தைச் செல்லாததாக்கும். செல்வநிலை பற்றிய பிழை அவ்வாறு ஆக்காது என்று கிராசியன் பகுத்துக் காட்டுகிறார். ஆணையின் வலியின்றியே இந்நூல் பாடநூலானமைக்கு இவ்வுரையே காரணம் எனலாம். நூலின் முதல் வடிவம் பிற்கால வடிவில் ஏறத்தாழப் பாதியே என ஆண்டர்ஸ் வின்ரோத் நிறுவியுள்ளார். பின்னர்ச் சேர்ந்தவற்றுள் மேற்கோள்களே மிகுதி. உரையின் பெரும்பகுதி முதல் வடிவிலேயே உள்ளது. இரு வடிவங்களும் ஒருவர் கைப்பட்டனவா என்பதில் அறிஞர் உடன்படவில்லை.

1234ஆம் ஆண்டுத் தொகையின் நிலை வேறு. தொகுப்பித்தோன் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி. தொகுத்தோன் பென்யாபோர்த் ஊரினரான ரெய்முந்து. நீதிமன்றங்களும் கல்விக்கூடங்களும் இத்தொகையையே கொள்ளவேண்டும் என ஆணை பிறந்தது. ரெய்முந்து, மடல்களில் இருந்த வழக்கு நிகழ்ச்சிகளைப் பெரிதும் வெட்டி, முடிவை மட்டும் நிறுத்தினார். விதி தெளிவுற்றது, அது எச்சூழலில் பிறந்தது என்பது மறைந்தது. வெட்டுண்ட பகுதிகளை எமில் ஃபிரீட்பெர்க்கின் 1881ஆம் ஆண்டுப் பதிப்பு சாய்வெழுத்தில் மீண்டும் சேர்த்து அச்சிட்டுள்ளது.