பேஸ் பாக்ஸில் அந்த ஓட்டை எதுக்கு?



ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது அம்மன் கோயில் பக்கம் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகளை அடுக்கி வைப்பாங்களே, அதைப் பார்க்காதவங்க நம்ம செவ்வாப்பேட்டையில் இருக்க மாட்டாங்க. கிட்டப் போனால் நெஞ்சுக்குள்ளேயே அடிக்கும். அதுதான் பேஸ் பாக்ஸ். முன்பக்கம் வட்டமாக ஸ்பீக்கர். அதுக்குக் கீழே ஒன்றோ இரண்டோ ஓட்டை. அந்த ஓட்டை எதுக்குன்னு எங்கள் வகுப்பில் கேட்டேன். "சூடு வெளியே போக", "காத்துப் போக" என்றார்கள். காத்துப் போறதுக்குத்தான். ஆனால் சும்மா போகலை, அதுவும் சேர்ந்து பாடுது.

முதலில் பெட்டி ஏன் வேணும்? ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்கும், அதே நேரம் பின்பக்கக் காற்று விரியும். ஒலி பாடத்தில் படித்த நெருக்கமும் நெகிழ்வும்தான். பெட்டி இல்லாவிட்டால் முன்னால் உள்ள காற்று ஓரமாகச் சுற்றிப் பின்னால் போய் ஒன்றையொன்று அழித்துவிடும். கீழ் சுருதியில்தான் இந்தத் தொல்லை அதிகம். வெயில் காலத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 350 ÷ 40, அதாவது 8.75 மீட்டர். இவ்வளவு நீளமான அலைக்கு 15 இன்ச் ஸ்பீக்கரைச் சுற்றிப் போறது ஒரு விஷயமே இல்லை. அதனால்தான் வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட வைத்தால் 'கீச் கீச்'னு மட்டும் கேக்கும்.

பெட்டியில் அடைத்துவிட்டால் பின்பக்க ஒலி உள்ளேயே மாட்டிக்கொண்டு வீணாகும். அதையும் பயன்படுத்தத்தான் ஓட்டை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காலி பாட்டில் வாயில் குறுக்காக ஊதுங்க, 'பூம்' என்று கேட்கும். பாதி தண்ணி ஊற்றி ஊதினால் சுருதி ஏறும். பாட்டில் கழுத்தில் இருக்கும் காற்று ஒரு குண்டு மாதிரி, வயிற்றில் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. குண்டு ஸ்பிரிங்கில் ஆடுது, அவ்வளவுதான். இதைக் கணக்காக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1821–1894). நம்ம ஊர் கடமும் இதே சாதிதான். மானாமதுரைக் கடத்தை வாசிக்கிறவர் அதன் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் 'கும்' ஒலியை மாத்துவார். ஓட்டையின் அளவு மாறினால் ஒலி மாறும் என்று அவர் கை வயிறு ரெண்டுக்கும் தெரியும்.

ஸ்பீக்கர் பெட்டியில் இதைக் கொண்டு வந்தவர் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆல்பர்ட் துராஸ். 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1932இல் கிடைத்தது. ஆனால் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்பது ரொம்ப நாள் குத்துமதிப்பாகவே இருந்தது. 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் அதற்குக் கணக்கு எழுதினார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்னைக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் கூட வரும் தாளில் இருக்கும் எண்கள் இந்த இரண்டு பேர் பெயரில்தான் இருக்கு. பல பேர் அந்தத் தாளை அட்டைப் பெட்டியோட தூக்கிப் போட்டுடறாங்க!

இதை ஏன் எழுதறேன் என்றால், எங்க சித்தப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். அவருடைய பழைய பாக்ஸில் காயில் பொசுங்கிப்போய், அதைவிட அதிக வாட்ஸ் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டினார். இரண்டாவது திருவிழாவிலேயே கோன் கிழிந்துவிட்டது. அன்னைக்கு வாடகையும் போச்சு, திட்டும் விழுந்தது. "டூப்ளிகேட் சரக்கு" என்று எல்லோரும் கடைக்காரரைத்தான் சொன்னாங்க. பெட்டியை அளந்து பார்த்த பிறகுதான் விஷயம் வேற என்று தெரிந்தது.

பெட்டியின் உள்ளளவு 60 × 50 × 40 செ.மீ. அதாவது 120 லிட்டர். காந்தம், உள்கட்டை எல்லாம் அடைக்கிற இடத்துக்கு 10 லிட்டர் கழித்தால் 110 லிட்டர், அது 0.11 கன மீட்டர். ஓட்டையில் 10 செ.மீ. விட்டமுள்ள இரண்டு பி.வி.சி. குழாய், ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீளம். சூத்திரம் இது:

அதிர்வெண் = (350 ÷ 6.28) × √(குழாய்களின் பரப்பு ÷ (பெட்டிக் கனஅளவு × குழாய் நீளம்))

எல்லாம் மீட்டரில் போடணும். இரண்டு குழாயின் பரப்பு 0.0157 சதுர மீட்டர். நீளத்தில் ஒரு சூட்சுமம் இருக்கு. குழாய்க்கு வெளியே இரண்டு முனையிலும் ஒட்டியிருக்கிற காற்றும் சேர்ந்து ஆடும். அதனால் ஆரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூட்டிக்கணும். 10 செ.மீ. குழாய் கணக்கில் 17 செ.மீ.க்கு மேல் ஆகிவிடும். விடை சுமார் 50 ஹெர்ட்ஸ். குழாயை இரண்டு மடங்காக, 20 செ.மீ. ஆக்கினால் பாதியாகக் குறையும்னு நினைப்போம். 40க்குத்தான் இறங்கும். வர்க்கமூலமும் அந்த ஒட்டுக் காற்றும்தான் காரணம்.

இப்போ கோன் ஏன் கிழிந்தது? 50 ஹெர்ட்ஸில் குழாய்க் காற்றுதான் வேலை செய்யும், கோன் ரொம்பக் கொஞ்சம்தான் அசையும். அதுக்கும் கீழே போனால் கோன் வெளியே வரும்போது குழாய்க் காற்று உள்ளே போகும். ஒன்றையொன்று அழிக்கும், சத்தம் வராது. கோனுக்குப் பின்னால் தாங்குற காற்றும் இல்லை, ஓட்டை வழியா நழுவிடுது. சத்தம் பத்தலையேன்னு பேஸ் திருகை முழுசாத் திருப்புவாங்க. பழைய ஸ்பீக்கரின் ஓரம் விறைப்பா இருந்தது, தாங்கியது. புதுசு தளர்வானது, எல்லை தாண்டி ஆடிக் கிழிந்தது. இப்போ வர்ற பாட்டுகளில் 40 ஹெர்ட்ஸ் பக்கம் நிறைய இருக்கு. நாலு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். வாட்ஸ் என்பது காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கு. எவ்வளவு ஆழமாகப் பாடும் என்பதற்கு இல்லை.

அடுத்த தடவை சித்தப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனபோது பெட்டி அளவை எழுதி எடுத்துட்டுப் போனார். தாளோடு இருக்கும் ஸ்பீக்கரைத்தான் வாங்கினார். 20 செ.மீ. குழாய் போட்டார். குழாயின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவில் குறைந்தது குழாய் விட்டம் அளவாவது இடம் விடணும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். பெட்டி மூலையில் விரிசல் இருந்தாலும் கணக்கு கெடும். ஊதுபத்தியைக் காட்டினால் புகை எங்கே துடிக்குதுன்னு தெரியும், அங்கே ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்துப் பூசினோம். ஒயர் மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியைக் கொஞ்ச நேரம் தொட்டால் கோன் முன்னால் வரணும். இரண்டு பாக்ஸிலும் ஒரே பக்கம் வரலைன்னா பேஸ் காணாமல் போயிடும். மீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 சொச்சம்தான் காட்டும், பயப்பட வேண்டாம்.

கடைசியாக மொபைலில் ஒரே சுருதி எழுப்பும் செயலியைப் போட்டு, சத்தத்தைக் குறைவாக வைத்து, 60இலிருந்து மெதுவா இறக்கினோம். கோன் மேல் விரல் நுனியை வெச்சிருந்தேன். 41 வந்தபோது விரலில் துடிப்பு ரொம்பக் குறைஞ்சிடுச்சு. ஆனால் குழாய் வாயில் ஊதுபத்திப் புகை படபடன்னு அடிச்சுது. கணக்குல வந்தது 40. ஆம்ப்ளிஃபயரில் அதுக்குக் கீழே வெட்டும் திருகையும் போட்டாச்சு. முன்னைவிட 'தொம்'னு அடிக்கிறது கொஞ்சம் குறைவுதான், சித்தப்பாவுக்கு அது ஒரு குறை. எனக்கு இப்போதான் பாட்டில் பேஸ் கிடார் தனியாகக் கேட்குது.